அம்மாவைத் திட்ட ஒரு கெயிதா

நாவலில் அம்மா அழுகிறாள். கடற்கரையில் நின்று, படகேறப் போகும் இளைஞன் ஒருவன் கையில் ஒரு பிடி மண்ணை வைத்து, "போய் வா மகனே, ஆப்பிரிக்கா உன்னோடு வருகிறாள்" என்கிறாள். எழுதியவர் மன்சூர் தியாவ். பாரிஸில் குடியிருக்கும் செனகல்காரர், டக்காரில் பிறந்தவர். எங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து அம்மா போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டே அவளைக் கேள்வி கேட்டுவிட்டுப் போனவர். பெயரை மாற்றும் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. நாவலிலும் அவள் நியேலேதான்.

அம்மா எந்தப் படகையும் வழியனுப்பியதில்லை. கடல் காற்று பட்டால் அவளுக்குத் தலைவலி வரும். மண்ணை யார் கையிலும் கொடுத்ததில்லை. கொடுத்திருந்தால், கழுவிவிட்டு வரச் சொல்லியிருப்பாள்.

அந்தப் பக்கத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். காராமணியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னைப் பாத்தா கண்டம் மாதிரியா இருக்கு அந்தாளுக்கு? அவ்வளவு பெருசாவா இருக்கேன்?" என்றாள்.

நாவலுக்குப் பரிசு கிடைத்தது. அம்மா போன மாதம் இறந்தாள். அவளைப் பற்றி அச்சில் இருப்பது அந்த நாவல் ஒன்றுதான் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். தொலைபேசிக் கோபுரங்களில் பேட்டரியும் ஜெனரேட்டரும் பார்ப்பது என் வேலை. அழகாக எழுத வராது. அழகாக எழுதியவரின் லட்சணத்தைத்தான் பார்த்தோமே.

நியேலே குலிபாலி பிறந்தது மாலியில், கேய் என்ற ரயில் ஊரில். என் அப்பா, ஸார் குலத்துக்காரர், செனகல் ரயில்வேயில் பிரேக்மேன். டக்காரிலிருந்து மாலிக்குப் போகும் வண்டியில் போய்ப் போய்க் கடைசியில் கேயில் பெண் எடுத்தார். கட்டிய மனைவியைக் கார்டு பெட்டியில் மூட்டைகளுக்கு நடுவே உட்காரவைத்து, சீட்டும் எடுக்காமல் தாளும் காட்டாமல் எல்லை தாண்டிச் செனகலில் இருக்கும் தியெஸுக்குக் கூட்டி வந்தார். "நானும் திருட்டுத்தனமா வந்தவதான். ஆனா உக்காந்துக்கிட்டு வந்தேன்" என்பாள் அம்மா. கல்யாணத்துக்கு ஒரு ரயில் சீட்டுக்கூட வாங்காத ஆள் என்று அப்பாவைச் சாகும்வரை குத்திக்காட்டினாள். அவர் செத்த பிறகும் விடவில்லை.

தியெஸில் அவள் பெயர் 'மாலிக்காரி'. காலையில் ரொட்டிக்குள் காராமணிக் குழம்பை வைத்து விற்றாள். நாற்பது வருஷம் அவள் கையால் தின்ற தெரு, அவளை நாற்பது வருஷமும் மாலிக்காரி என்றே கூப்பிட்டது. கேய்க்குப் போனால் அங்கே அவள் 'செனகல்காரி'. அவள் பிறப்பதற்கு முன் இரண்டு நாடுகளும் கொஞ்ச காலம் ஒரே நாடாக இருந்து, தலைவர்கள் முறைத்துக்கொண்டதில் பிரிந்தவை. "கல்யாணம் ஆன மறுவாரமே தாய் வீட்டுக்கு ஓடின பொண்ணு மாதிரி" என்று அம்மா இரண்டு நாடுகளையும் சேர்த்தே ஏசுவாள். பிறகு ரயிலும் நின்றது. தியெஸில் இருந்த மாலிக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. அம்மா போகவில்லை. போக வண்டியில்லை என்று காரணம் சொன்னாள்.

படகு விவகாரம் அதற்குப் பிறகு வந்தது.

படகுகள் கிளம்புவது முபூர் கடற்கரையிலிருந்து. போய்ச் சேர்வது ஸ்பெயின்காரர்களின் தீவுகளில். கரையேறியவனிடம் எந்த நாடு என்று கேட்பார்கள். செனகல் என்றால் விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள், செனகலில் போர் இல்லை. மாலி என்றால் அங்கே போர் நடக்கிறது, தங்கவிடுவார்கள். எனவே முபூர் மீனவர்களில் பாதிப்பேர் நடுக்கடலில் மாலிக்காரர்களாக மாறினார்கள். மாலியில் கடலே கிடையாது. இதைப் பற்றி அவர்களில் ஒருவரும் ஒரு நிமிஷம்கூட யோசித்ததாகத் தெரியவில்லை.

முதலில் போனவர்கள் போனைப் பார்த்துப் படித்துவிட்டுப் போனார்கள். தலைநகர், கொடியின் நிறம், ஆற்றின் நீளம். அங்கே மொழிபெயர்க்க உட்கார்ந்திருப்பவர் மாலிக்காரர். ஆற்றின் நீளத்தை ஒருவன் சரியாகச் சொன்னதுமே அவருக்கு விளங்கிவிட்டது. எந்த மாலிக்காரனுக்கும் அது தெரியாது.

திரும்பி வந்த ஒருவன் இதை எங்கள் முற்றத்தில் சொல்ல, அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மறுநாளே இரண்டு பேர் சர்க்கரையும் தேயிலையும் வாங்கிக்கொண்டு வந்து நின்றார்கள். பிறகு நான்கு பேர். அம்மா அவர்களுக்கு மாலியைக் கற்றுக்கொடுக்கவில்லை. திட்டக் கற்றுக்கொடுத்தாள்.

மாலியில் குலப்பெயர்களுக்குள் கேலி முறை உண்டு. குலிபாலிக்குக் கெயிதா கேலி முறை. நேரில் பார்த்தால் ஒருவரையொருவர் திட்டியே ஆகவேண்டும். முன்பின் தெரியாதவராக இருக்கலாம், அமைச்சராகக்கூட இருக்கலாம், அது கணக்கில்லை. காராமணி தின்னி என்று குலிபாலியைக் கெயிதா சொல்வான், கெயிதாவைக் குலிபாலியும் அதையேதான் சொல்வான். கோபப்படக் கூடாது. திட்டாமல் போனால்தான் அவமானம், உன்னை நான் உறவாக நினைக்கவில்லை என்று அர்த்தம். செனகலிலும் இந்த முறை உண்டு, ஆனால் வேறு பெயர்கள், வேறு திட்டுகள். அம்மா தன்னிடம் வந்த எல்லோருக்கும் கெயிதா என்றே பெயர் வைத்தாள்.

"எல்லாருக்கும் ஏன் அத்தை ஒரே பேரு?" என்று கேட்டவன் பிராம் நியாங். வலை இழுத்துத் தோள் பெருத்தவன், குழந்தை குட்டிக்காரன். குரல் மட்டும் கடன் கேட்பவன் குரல்.

"வேற பேரா இருந்தா நான் உன்னைத் திட்ட முடியாது. திட்டாம எப்படிடா சொல்லிக்குடுக்கிறது? ம், ஆரம்பி. பேரென்ன?"

"கெயிதா."

"ச்சீ! காலங்காத்தால ஒரு கெயிதா மூஞ்சிலயா முழிக்கணும்? உங்க தாத்தா எங்க வீட்டுக் கழுதைய மேய்ச்சவன்தானடா?"

பிராம் தரையைப் பார்த்தான். "இல்லீங்க அத்தை. எங்க தாத்தா மீன் பிடிச்சவரு."

அம்மா என்னிடம் திரும்பினாள். "கேட்டியாடி இவன் பதில! டேய், நான் உன் தாத்தாவை விசாரிக்கலடா. திருப்பிக் குடு!"

"பெரியவங்கள எப்படி அத்தை…"

"நான் பெரியவ இல்ல. நான் குலிபாலி. ராப்பகலா காராமணியைத் தின்னுட்டு, பக்கத்து வீட்டுக்காரனைத் தூங்கவிடாத கூட்டம். சொல்லுடா!"

"ராத்திரி… காராமணி சாப்பிட்டீங்களா அத்தை?"

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "சௌக்கியம் விசாரிக்கிறான்டி என்னை!"

மற்றவர்கள் தேறினார்கள். வாய்த்துடுக்கு உள்ளவர்களுக்கு ஒரு வாரம் போதும். அவர்களில் கடல் தின்றவர்கள் போக, கரையேறியவர்களில் பலர் தங்கிவிட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றே ஒரு திட்டை வீசுவார், இவன் யோசிக்காமல் திருப்பி வீசுவான், அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வார். ஒரு நாட்டின் குடிமகன் என்று நிரூபிக்க இவ்வளவு போதுமாக இருந்தது. நாடுகளைப் பற்றி அம்மாவுக்கு ஏற்கெனவே இருந்த மதிப்பு இதனால் கூடவில்லை.

பிராமும் போனான். திருப்பி அனுப்பப்பட்டு வந்தான். நேரே எங்கள் வீட்டுக்கு வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"என்னடா ஆச்சு?" என்றாள் அம்மா.

"உள்ள போனேன். கண்ணாடி போட்ட ஆளு, நல்ல சட்டை. பேரு கேட்டாரு. கெயிதான்னேன். சிரிச்சாரு. 'நான் குலிபாலி'ன்னாரு. அப்புறம் ஒண்ணும் பேசாம என்னையே பாத்துக்கிட்டிருந்தாரு."

"கதவைத் தொறந்து வெச்சுக்கிட்டு நின்னிருக்கான்டா! நீ என்ன சொன்ன?"

"ஐயா, வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்களான்னு கேட்டேன்."

அம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு, "மரியாதை கெட்டவனா இருக்கத்தானடா உனக்கு அவ்வளவு நாள் சொல்லிக்குடுத்தேன்? கடைசி நேரத்துல மரியாதையை எங்கடா போய்ப் பொறுக்கின?" என்றாள்.

"பயமா இருந்துச்சு அத்தை. பயந்தா எனக்கு மரியாதைதான் வருது."

அங்கே எப்படி இருந்தது என்று நான் கேட்டேன். வேலி போட்ட இடம் என்றான். "காவல்காரங்க எங்க எல்லாரையும் ஆப்பிரிக்கன்னுதான் கூப்பிட்டாங்க அக்கா. மொராக்கோக்காரன் ஒருத்தன் சண்டைக்கே வந்துட்டான். நான் ஆப்பிரிக்கன் இல்ல, என்னை எதுக்கு இவங்களோட நிக்க வெக்கிறீங்கன்னு."

"அவன் ஊரைத் தூக்கி எங்க வெச்சிருக்காங்களாம்?" என்றாள் அம்மா.

"அதை யாரும் கேக்கல அத்தை. கினியாக்காரன் எங்ககூட சாப்பிட மாட்டேன்னான். நிஜ மாலிக்காரங்க எங்களப் பாத்து, மீன் நாத்தம், தள்ளிப் படுங்கடான்னாங்க."

"நல்லாருக்கு. வெள்ளைக்காரன் ஒரே வேலிக்குள்ள அடைச்சான், ஒரே பேரு வெச்சான். பேரை வாங்கிக்கிட்டீங்க, படுக்க மட்டும் தனி எடம் கேட்டீங்களாக்கும்."

இதே வேலியை மன்சூரும் எழுதியிருக்கிறார். அவர் நாவலில் அதற்குள் எல்லோரும் ஒரே தட்டில் உண்டு, நட்சத்திரங்களைப் பார்த்து, ஒரே கண்டத்தின் பிள்ளைகள் என்று உணர்கிறார்கள். பிராமிடம் அவர் பேசவே இல்லை. பிராம் அழகாகப் பேசுகிறவன் இல்லை.

அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்தார்கள். அங்கே நர்ஸுகளைக் குலம் விசாரித்து, ஒருத்தியும் திட்டுகிற முறைக்கு வராததால் ஏமாந்தாள். கடைசி வாரத்தில் என் கையைப் பிடித்துச் சொன்னாள்.

"மைக் வெச்சு என்னைப் புகழ விட்றாத. கெயிதா ஒருத்தன் வந்து திட்டணும். எங்க ஊர்ல பொணத்தை எடுக்கறப்போ கேலி முறைக்காரன் வழி மறிச்சுத் திட்டுவான். திட்டு வாங்காம எடுத்தீங்கன்னா, நான் எங்கிருந்தோ வந்து யாருமில்லாம செத்தவ ஆயிருவேன்."

"சரிம்மா."

"சரிம்மான்னு சொல்லாத. ஆளைப் பிடி."

ஒரு வியாழக்கிழமை விடிந்ததும் இறந்தாள். மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று இமாம் சொன்னார். பெண்கள் அவளைக் குளிப்பாட்ட வந்ததும் நான் சந்தைக்குப் போனேன்.

அம்மாவைத் தெரிந்த கெயிதா தியெஸில் ஒருவர்தான் மிச்சம். ஃபோதே கெயிதா. புளியும் உலர்ந்த செம்பருத்தியும் விற்கும் வியாபாரி. வருஷக்கணக்காக அவரும் அம்மாவும் கடை வாசலில் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிட்டு, சந்தைக்கே வேடிக்கை காட்டியவர்கள். சமீபமாக அம்மாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"மாமா, அம்மா போயிட்டாங்க."

தராசைக் கீழே வைத்தார். அம்மாவுக்காகத் துஆ ஓதினார். "தொழுகைக்கு வர்றேம்மா."

"தொழுகைக்கு ஊரே வரும். நீங்க வந்து திட்டணும். அதைத்தான் கேட்டுட்டுப் போனாங்க."

"மாட்டேன்."

"ஏன் மாமா?"

"உங்கம்மா என் பேரைச் சர்க்கரை மாதிரி அள்ளி அள்ளிக் குடுத்தா. ஸ்பெயின்ல தக்காளி பறிக்கிறவன் பூரா இப்ப கெயிதா! ராஜா வீட்டுப் பேரும்மா அது. அன்னிக்கு ஒருத்தன் போன் பண்ணி, 'பெரியப்பா, சௌக்கியமா'ங்கறான். யாருடா நீன்னா, முபூர்ல வலை இழுத்தவன்!"

"அது அவங்க பொழைக்க…"

"பொழைக்கட்டும். தன் பேரைக் குடுத்திருக்கலாமே? குலிபாலின்னு வெச்சிருக்கலாமே? வெக்கல. ஏன்னா அவளுக்குத் திட்டறதுக்கு ஆள் வேணும். இப்பதான் அத்தனை கெயிதா இருக்கானே, அவனுங்களையே கூப்பிடு."

நியாயம் கொஞ்சம் இருந்தது. அதனாலேயே எரிச்சலாக இருந்தது. அவனுங்களையே கூப்பிட்டேன்.

ஒருவன் வேலையில் இருப்பதாகவும் சாயங்காலம் பேசுவதாகவும் சொன்னான். இன்னொருவன், "அக்கா, இங்க சங்கத்துல நான் செயலாளர். அப்படியெல்லாம் பேசினா நல்லா இருக்காது" என்றான். மூன்றாமவன் குரல் பதிவு அனுப்பினான். அழுதிருந்தான். நியேலே அத்தை நம் எல்லோருக்கும் தாய், ஆப்பிரிக்காவின் தாய் என்று நீட்டி முழக்கியிருந்தான். நாவலை இவனும் படித்துவிட்டான் போல. திட்டக் கற்றுக்கொண்டு கரையேறியவர்கள். சம்பளம் வந்ததும் நாகரிகமும் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். சந்தூக்குப் பெட்டியில் அம்மா, மேலே பச்சைத் துணி. நாற்காலிகள். மைக். யார் வாடகைக்கு எடுத்தது என்று கேட்டேன். மன்சூர் ஐயா என்றார்கள். புத்தக விழாவுக்கு டக்கார் வந்திருந்தவர், செய்தி கேட்டுக் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஃபோதே கெயிதா கடைசி வரிசையில், தொழுகைத் தொப்பியுடன், யாரையும் பார்க்காமல் நின்றிருந்தார்.

நகராட்சிக்காரர் ஒருவர் புகழ்ந்தார். அம்மாவின் அடுப்பை நடைபாதையிலிருந்து தூக்கச் சொன்ன ஆள் அவர்தான். அடுத்து மன்சூர். தாளை விரித்தார். "இன்று ஒரு பெண்ணை நாம் புதைக்கவில்லை. எல்லைகளை ஏற்க மறுத்த ஒரு கண்டத்தை…"

"பொய்."

பிராம். கூட்டத்தின் ஓரத்தில் எழுந்து நின்றிருந்தான். மன்சூர் அவனைப் பார்த்துப் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

அம்மா கேட்டுக்கொண்டது அவனுக்கும் தெரியும். பிராம் மன்சூரைத் தாண்டிச் சந்தூக்கிடம் வந்தான். அம்மா கற்றுக்கொடுத்த, மாலிக்காரர்கள் பேசும் பம்பரா மொழியில், எழுத்துக்கூட்டுகிறவன் போலத் தொடங்கினான். "ஏ… குலிபாலி. நீங்க… நீ காராமணி தின்னி. ரொம்பத் தின்னுவீங்க. உங்க தாத்தா… கழுதை." நின்றான். "மன்னிச்சுக்குங்க அத்தை. கழுதை மேய்ச்சவரு."

அரைகுறையாகப் புரிந்த பெண்கள் வாயில் கை வைத்தார்கள். இமாம், "யாரப்பா அது, கூட்டிட்டுப் போங்க" என்றார். இரண்டு பேர் பிராமின் தோளைப் பிடித்தார்கள். நான், "விடுங்க அவனை" என்று கத்தினேன்.

"விடாதீங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஃபோதே கெயிதா வரிசைகளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகம் வியர்த்திருந்தது. "இதுவாடா திட்டறது? மன்னிப்புக் கேட்டுக்கிட்டே திட்டற கெயிதா உலகத்துல உண்டாடா? என் பேரை வெச்சுக்கிட்டு என் மானத்தை வாங்கறியே! தள்ளு!"

எல்லோருக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, ஊரே பேசும் வோலோஃப் மொழிக்கு மாறினார்.

"ஏ நியேலே! காராமணி மூட்டை! பச்சைத் துணியைப் போத்திட்டா பெரிய மனுஷி ஆயிருவியா? என்னிக்காவது என் கடையில பேரம் பேசாம ஒரு பிடி புளி வாங்கியிருப்பியாடி? வானத்துலேர்ந்து மலக்குகள் கேள்வி கேக்க வந்தா, அவங்ககிட்டயும் பேரம்தான பேசப்போற? யப்பா, கபர் தோண்டறவங்களே, கொஞ்சம் அகலமா தோண்டுங்க. இவ வயித்துல நாப்பது வருஷக் காராமணி இருக்கு, காத்து போக வழி வேணும். இல்லேன்னா அக்கம்பக்கத்துல படுத்திருக்கிறவங்க எழுந்து ஓடிருவாங்க!"

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். ஃபோதே அதற்குள் முற்றத்து வாசலுக்குப் போய், வெள்ளை அங்கியோடு, குறுக்கே மண்ணில் மல்லாந்து படுத்துக்கொண்டார்.

"பதில் வராம சந்தூக்கு இந்த வாசலைத் தாண்டாது. எங்க, குலிபாலி பக்கம் ஆளே இல்லையா? வாயடிச்சவ வீட்ல வாய் செத்துப்போச்சா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அப்பா வழியில் ஸார் குலம். ஆனால் அம்மாவின் பக்கம் அங்கே நான் ஒருத்திதான். இமாம் கடிகாரத்தைப் பார்த்தார். பிராம் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான், சொல்லு சொல்லு என்று.

"எழுந்திருங்க ராஜாவே" என்றேன். முதல் வார்த்தை உடைந்தது. இரண்டாவது வந்துவிட்டது. "புளி மூட்டைக்கு நடுவுல ராஜ்ஜியம் நடத்தறீங்க, அது போதலைன்னு எங்கம்மா போற வழியிலயும் கடை விரிச்சிட்டீங்களா? உங்க பரம்பரையில ஒரு நாளாவது தராசு நேரா நின்னிருக்கா? எங்கம்மா முதல்ல உங்க தாத்தாவைத்தான் பாக்கப் போறா. உங்க எடைக்கல்லைப் பத்தி எல்லாத்தையும் சொல்லப் போறா. அந்தப் பயத்துலதான வழி மறிக்கிறீங்க?"

ஃபோதே படுத்தபடியே என்னைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் வழிந்தது. ஒருவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். அங்கியில் ஒட்டிய மண்ணைத் தட்டாமலே போய்ச் சந்தூக்கின் முன்பக்கக் கம்பைப் பிடித்தார். மன்சூர் மைக் அருகே பாதி படித்த தாளோடு நின்றிருந்தார். யாரும் அவரைத் தொடரச் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. நான் வாசலில் நின்றேன். பிராம் முன்பக்கத்து மற்றொரு கம்பைத் தோளில் வாங்கினான்.

"நீ எதுக்குடா முன்னாடி? இது கெயிதா தூக்கற பக்கம்."

"நானும் கெயிதாதான்."

"எவன்டா சொன்னது?"

"இதோ, உள்ள படுத்திருக்கிறவங்கதான்."

"அவ சொன்னா நீ ராஜா ஆயிருவியா? மீன்காரப் பயலே!"

"நீ… நீ போடா புளிமூட்டை!"

"ஆங். இப்ப வருதா? அங்க கண்ணாடிக்காரன் முன்னாடி எங்கடா போச்சு இந்த வாய்?"

பிராமின் பதில் எனக்குக் கேட்கவில்லை. தெரு திரும்பும்வரை ஃபோதேயின் குரல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

அப்பாவின் தங்கை என் பக்கத்தில் வந்து நின்றாள். "இப்படியாடி ஒரு மய்யித்தை அனுப்புவாங்க? வெக்கமா இல்ல?"

"இல்ல அத்தை" என்றேன். அதற்கு மேல் நிற்க முடியவில்லை. அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன்.